சொல்லை ஏற்பதும் அதிகாரத்தைக் கொடுப்பதும்

பிறர் சொல்லை எப்போது அறிவாகக் கொள்ளலாம் என்பது இந்திய மெய்யியல் மரபுகள் பல நூற்றாண்டுகளாக விடாமல் விவாதித்த வினாக்களுள் ஒன்றாகும். புலன்களால் நேரே அறிவதைக் காட்சி என்றும், கண்டதைக் கொண்டு காணாததைத் துணிவதைக் கருதல் என்றும், நம்பத்தக்கோர் கூற்றால் அறிவதை உரை என்றும் சைவ சித்தாந்த நூலோர் பகுத்தனர். அறிவு மெய்யானதா என்று அளந்து காட்டும் வழிகள் என்பதால் இவற்றுக்கு அளவை என்று பெயர். மூன்றனுள் உரையே மிகுந்த வழக்குக்கு இடமளித்தது. ஒருவர் தம் பிறந்த நாளையும் தாம் காணாத ஊர்களையும் தமக்கு முன் வாழ்ந்தோரின் வரலாற்றையும் பிறர் சொல்லித்தான் அறிகிறார் என்பதால் உரையை விலக்கிவிட்டு வாழ முடியாது. சொல்பவர் பிழைபடவும் பொய் பேசவும் கூடும் என்பதால் அதை ஆராயாமல் ஏற்கவும் முடியாது.

இவ்வினாவுக்கு அடுத்துள்ள மற்றொரு வினா குறைவாகவே கவனிக்கப்பட்டுள்ளது. ஒரு கூற்றை அறிவாக ஏற்பது ஒரு செயல். அக்கூற்றின்படி தன் அதிகாரத்தை இயங்க விடுவது வேறொரு செயல். அறிவாக ஏற்கப்பட்ட பொய், ஏற்றவரின் மனத்தில் தங்கிப் பின்னர் திருத்தப்படலாம். அதிகாரத்தை இயக்கிவிட்ட பொய்யோ, அது பொய் என்று தெரியவரும் முன்பே உலகில் ஒன்றை மாற்றிவிடுகிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டால் என்ன நேரும் என்பதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம், மெய்யியலார் எளிதில் தேடிச் செல்லாத ஓரிடமாகிய மென்பொருள் கட்டும் தானியங்கிச் சர்வர். அங்கே பல்லாண்டுகளாக மீண்டும் மீண்டும் தோன்றும் ஒரு பிழை, அதாவது கோப்புப் பொதிகளைக் காப்பின்றி அவிழ்க்கும் பிழை, உரை அளவை பற்றிய பழைய ஆராய்ச்சிக்கு ஒரு புதிய களத்தைத் தருகிறது.

பல கோப்புகளை ஒன்றாகத் திரட்டி ஒரே கோப்பாக்கி வைப்பது பொதி எனப்படும். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் இயங்குதளத்தில், காந்த நாடாவில் கோப்புகளைச் சேமிப்பதற்கென இடம்பெற்ற டார் வடிவமும், பில் காட்ஸ் 1989இல் வெளியிட்ட ஜிப் வடிவமும் இவற்றுள் பெருவழக்குப் பெற்றவை. இரண்டின் உள்ளமைப்பும் வேறு வேறாயினும் ஒரு தன்மை இரண்டுக்கும் பொது: பொதிக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தோடும் அக்கோப்பின் பெயர், அது எந்தக் கோப்புறைக்குள் இருக்க வேண்டும் என்னும் பாதையுடன் சேர்த்து, எழுத்துக்கோவையாகப் பதியப்பட்டிருக்கும். அப்பெயரை எழுதுபவர் பொதியைக் கட்டியவர். அவர் எதை வேண்டுமானாலும் எழுதலாம். அவிழ்க்கும் நிரல் தனக்குக் குறிக்கப்பட்ட கோப்புறையின் முகவரியோடு அப்பெயரைச் சேர்த்து, கிடைத்த பாதையில் உள்ளடக்கத்தை எழுதுகிறது. கணினியின் வழக்கில் இரண்டு புள்ளிகள் மேலே உள்ள கோப்புறையைக் குறிக்கும். ஆகவே பொதிக்குள் உள்ள ஒரு பெயர் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் கொண்ட அடுக்குகளுடன் தொடங்குமானால், எழுதும் இடம் குறித்த கோப்புறையைவிட்டு மேலே ஏறி, இயங்குதளத்தின் அமைப்புக் கோப்புகள் வரையிலும் செல்லக்கூடும். உள்ளே வைக்க வேண்டியதை வெளியே வைத்துவிடும் இச்செயலில் நிரல் எந்தக் கட்டளையையும் மீறவில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்கிறது.

இப்பிழை ஒரு தனியாளின் கணினியில் நேர்ந்தால் அவருடைய கோப்புகள் கெடும். பில்டு சர்வரில் நேர்ந்தால் கேடு அந்த எல்லையில் நிற்பதில்லை. நிரலாளர்கள் எழுதிய மூலநிரலைப் பெற்று, அதற்குத் தேவையான பிறர் நிரல்தொகுப்புகளைத் தருவித்து, தொகுத்து, சோதித்து, பயனருக்கு வழங்கத்தக்க வடிவில் வெளியிடும் தொடர்வேலையை மனிதர் கைபடாமல் செய்யும் பொறியே பில்டு சர்வர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் கோசுகே கவாகுச்சி ஹட்சன் என்னும் பெயரில் தொடங்கி, 2011இல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறிய மென்பொருள் இவ்வகையில் உலகெங்கும் பரவியது. இத்தகைய சர்வர் தன் இயல்பாலேயே அன்னியப் பொருளை இடைவிடாமல் உட்கொள்கிறது: நூலகங்கள், பிளக்இன்கள், முந்தைய படியில் உருவான கோப்புகள் எனப் பெரும்பாலும் பொதிகளாகவே வருவன எல்லாம் அதனுள் அவிழ்க்கப்படுகின்றன. அதே சமயம், வெளியீட்டில் கையொப்பமிடும் சாவிகளும், பிற சர்வர்களுக்குள் நுழையும் கடவுச்சொற்களும், தான் கட்டிய மென்பொருளைப் பயன்படுத்துவோர் அனைவரின் நம்பிக்கையும் அதனிடமே உள்ளன. மிகுதியாக உட்கொள்வதும் மிகுதியான அதிகாரம் உடையதும் ஒரே பொறியாக இருப்பதுதான் இச்சிக்கலின் வேர்.

பொதியில் எழுதப்பட்டுள்ள பெயர் மெய்யியல் நோக்கில் என்ன வகைக் கூற்று என்று கேட்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் அது ஒரு செய்தி: இக்கோப்பு இன்ன இடத்திலிருந்து எடுக்கப்பட்டது, இன்ன இடத்துக்கு உரியது என்று பொதியைக் கட்டியவர் தெரிவிக்கிறார். செய்தி என்றால் அது உரை அளவையின் எல்லைக்குள் வரும். அப்போது சொல்பவர் ஆப்தரா, அதாவது நம்பத்தக்கவரா என்பதே வினாவாகும். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஆப்தர் என்பவருக்குத் தரும் இலக்கணம் இங்கே நினைக்கத்தக்கது. பொருளை நேரே அறிந்திருத்தலும், அறிந்தவாறே பிறர்க்கு உரைக்க விரும்புதலுமே அவ்விலக்கணம். அது முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றுபோலவே பொருந்தும் என்று அவர் சொல்வது, நம்பகத்தன்மையைக் குலத்திலிருந்து பிரித்து அறிவிலும் நோக்கத்திலும் நிறுவிய பெருமைக்கு உரியது. ஆனால் பொதியின் பெயரை இவ்விலக்கணத்தால் அளக்க முற்பட்டால் ஓர் இடர் எதிர்ப்படுகிறது. அவிழ்க்கும் நிரல் அப்பெயரைச் செய்தியாக வாங்கிச் சிந்தித்துப் பின் எழுதுவதில்லை. அப்பெயர் வந்து சேர்ந்த கணமே எழுதும் இடமாகிவிடுகிறது. செய்தியின் தோற்றத்தில் வந்த ஒன்று ஏவலாகச் செயல்படுகிறது. பண்டசாலைக்கு வந்து சேரும் மூட்டைகளின் மேல் ஒட்டிய சீட்டில் உள்ள இடத்திலெல்லாம் அவற்றை வைத்துவிடும் காவலர், ஒரு சீட்டில் உரிமைப் பத்திரங்கள் இருக்கும் பெட்டி குறிக்கப்பட்டிருந்தால் அப்பெட்டியைத் திறந்து பத்திரங்களை அகற்றிவிட்டு மூட்டையை வைப்பதற்கு இது நிகர். காவலர் பொய்யை நம்பினார் என்று அவரைக் குறைகூற இயலாது. சீட்டு எதையும் மெய் என்றோ பொய் என்றோ கூறவில்லை. அவருடைய கையிலிருந்த சாவியைத்தான் பயன்படுத்திக்கொண்டது.

இவ்விடத்தில் அளவை நூலைவிட இலக்கண நூல் கூடுதலாக உதவுகிறது. மூன்றாம் வேற்றுமையின் பொருளை விளக்கும்போது தமிழ் இலக்கண உரையாசிரியர்கள் கருத்தாவை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என இரண்டாகப் பிரிக்கின்றனர். கோயிலைக் கட்டுவித்த அரசனும் கட்டிய தச்சனும் இருவருமே அக்கோயிலுக்குக் கருத்தாக்கள். ஒருவன் ஏவியவன், மற்றவன் இயற்றியவன். கருவியாகிய உளியோ கருத்தா ஆவதில்லை. இப்பகுப்பில் அதிகாரம் அரசனுடையது என்பதும் திறன் தச்சனுடையது என்பதும் வெளிப்படை. பொதி அவிழ்ப்பில் இந்த வரிசை தலைகீழாகிறது. எழுதும் அதிகாரம் சர்வருக்கு உரியது. எழுதும் திறனும் அதற்கே உரியது. ஏவும் இடத்திலோ அதிகாரம் எதுவுமில்லாத அன்னியர் வந்து அமர்கிறார். தன் அதிகாரத்தையே தனக்கு எதிரான ஏவலுக்குக் கொடுத்துவிட்ட இயற்றுதற்கருத்தா என்னும் இந்நிலையைக் கணினியியல் 1988இல்தான் பெயரிட்டு அடையாளம் கண்டது. அவ்வாண்டில் நார்ம் ஹார்டி எழுதிய சிறு கட்டுரை, குழப்பத்துக்கு ஆளான பிரதிநிதி என்னும் பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டியது.

ஹார்டி கூறிய நிகழ்ச்சியும் மென்பொருள் கட்டும் கருவி ஒன்றைப் பற்றியதே என்பது தற்செயலாயினும் பொருத்தமானது. டைம்ஷேர் நிறுவனத்தின் கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் மொழிபெயர்ப்பு நிரல் ஒன்று இருந்தது. பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களைப் பதிவதற்காக ஒரு குறிப்பிட்ட கோப்புறையில் எழுதும் உரிமை அதற்கு வழங்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளரின் கட்டணக் கணக்கும் அதே கோப்புறையில் இருந்தது. தம் நிரலின் பிழைதிருத்தக் குறிப்புகளை எக்கோப்பில் எழுத வேண்டும் என்று பயனர் பெயர் சொல்லலாம் என்றிருந்ததால், ஒரு பயனர் கட்டணக் கோப்பின் பெயரைச் சொன்னார். நிரல் தனக்கிருந்த உரிமையைக் கொண்டு அதன்மேல் எழுதிக் கணக்கை அழித்தது. பயனருக்கு அக்கோப்பில் எழுத உரிமையில்லை. நிரலுக்கு உரிமை இருந்தது. எந்த வேலைக்காக அவ்வுரிமை கொடுக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்திருக்கும் வழிதான் இல்லை. பெயர் ஒருவரிடமிருந்தும் உரிமை வேறொருவரிடமிருந்தும் வந்து ஒரே செயலில் கூடும்போது, அவ்விரண்டின் மூலமும் தனித்தனி என்பது மறைந்துபோகிறது என்பதே ஹார்டியின் முடிவு. மனிதப் பிரதிநிதிகளுக்கும், குறிப்பாக நிறுவனத்தின் பெயரால் கையெழுத்திடும் எவர்க்கும், இம்முடிவு பொருந்தும்.

ஜென்கின்ஸின் வரலாறு இதே குழப்பம் எவ்வளவு ஆழத்தில் வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது. அதன் அமைப்பில் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் மையச் சர்வர் ஒன்றும், அது பகிர்ந்தளிக்கும் வேலைகளைச் செய்யும் துணைப்பொறிகள் பலவும் உள்ளன; மையம் கன்ட்ரோலர் என்றும் துணை ஏஜென்ட் என்றும் வழங்கப்படும். கன்ட்ரோலர் ஏஜென்ட்டை ஏவுவது போலவே ஏஜென்ட்டும் சில செயல்களைக் கன்ட்ரோலரிடம் செய்யச் சொல்ல முடியும், ஏனெனில் இரண்டும் ஒரே நிரலின் இரு கைகள் என்று தொடக்கத்தில் கருதப்பட்டன. அக்கருத்து மெல்ல மெல்லத் தகர்ந்தது. ஏஜென்ட்டில் ஓடுவது யாரோ எழுதிய மூலநிரல். அதனுள் தீயது ஒன்று புகுந்தால் ஏஜென்ட்டே அன்னியனாகிவிடும் என்பதை உணர்ந்து, 2014 அக்டோபரில், ஏஜென்ட்டிலிருந்து கன்ட்ரோலருக்கு வரும் கோரிக்கைகளைச் சோதிக்கும் காவல் அடுக்கு ஒன்று சேர்க்கப்பட்டது. ஆயினும் 2021 நவம்பர் 4 அன்று வெளியான பாதுகாப்பு அறிவிக்கை, அக்காவலில் ஏழாண்டுகளாகத் திறந்தே கிடந்த வாயில்கள் பலவற்றைப் பட்டியலிட்டது. கோப்புகளைக் கையாளும் பகுதியில் ஜிப் பொதியை அவிழ்க்கும் செயலும் டார் பொதியை அவிழ்க்கும் செயலும் எந்தச் சோதனைக்கும் உட்படாமல் விடப்பட்டிருந்தன. டார் பொதிக்குள் இருக்கும் குறியிணைப்பை, அதாவது வேறோர் இடத்தைச் சுட்டும் கோப்பை, உருவாக்கும்போதும் அனுமதி கேட்கப்படவில்லை. பாதைகளை இறுதி வடிவுக்குக் கொண்டுவந்து பார்க்காமலேயே வடிகட்டிகள் தீர்ப்பளித்தன. 2.319, 2.303.3 ஆகிய பதிப்புகளில் இவை திருத்தப்பட்டன. படிக்க, எழுத, அழிக்க என்று வெளிப்படையாகப் பெயர் பெற்ற செயல்களுக்குக் காவல் போட்டவர்கள், அவிழ்த்தல் என்பதும் எழுதுதலே என்பதைக் கவனிக்காமல் விட்டிருந்தனர். உதவிச் செயல் போலத் தோன்றுவதன் உள்ளே முழு அதிகாரமும் அடங்கியிருக்கலாம் என்பதை மனித அறிவு தயங்கித் தயங்கியே காண்கிறது. அதற்காக அந்நிரலாளரைப் பழிப்பது முறையாகாது.

பிழை ஒன்று இத்தனை இடங்களில் ஒரே வடிவில் தோன்றுவது எவ்வாறு என்னும் வினாவுக்கு மணிமேகலை ஒரு விடையைத் தருகிறது எனலாம். அந்நூலின் 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி எண்ணும் பத்து அளவைகளுள் ஐதிகம் என்பது ஒன்று. முதலில் சொன்னவர் இன்னார் என்று தெரியாமல், உலகோர் வழிவழியாகச் சொல்லிவருவதால் ஏற்கப்படும் அறிவு அது. இன்ன மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் தெளிந்திருப்பது அதற்குத் தரப்படும் எடுத்துக்காட்டு. நியாய நூலார் ஐதிகத்தைத் தனி அளவையாக ஒப்பாமல் உரைக்குள் அடக்கினர். இவ்வாறு அடக்கியதால் ஒரு நன்மை விளைந்தது: உரைக்குரிய கேள்வி, சொன்னவர் யார், அவர் அறிவாரா என்பது, ஐதிகத்தின் மேலும் எழுப்பத்தக்கதாயிற்று. 2018 ஜூன் மாதம் ஸ்நிக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் ஜிப் ஸ்லிப் என்ற பெயரில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்ச்சான்று. ஆயிரக்கணக்கான மென்பொருள் திட்டங்களில், பெரும் நிறுவனங்களுடையவை உட்பட, இதே பிழை காணப்பட்டது. ஜாவா மொழியில் மிகுதியாக இருந்ததற்கு அந்நிறுவனம் கூறிய காரணம், பொதிகளை முழுமையாக அவிழ்த்துத் தரும் மைய நூலகம் அம்மொழியில் இல்லாததால், ஒவ்வொருவரும் தாமே எழுத நேர்ந்து, பிழையுள்ள சில வரித் துண்டுகள் நிரலாளர்களிடையே கைமாறிக்கொண்டே சென்றன என்பதாகும். முதலில் எழுதியவர் தெரியாது. எழுதியபோது அவர் எதை எண்ணினார் என்பதும் தெரியாது. பலரும் பயன்படுத்தி வேலை நடக்கிறது என்பதே அதன் ஒரே சான்று. நல்ல பொதிகளை மட்டும் கண்டவரைக்கும் அச்சான்று பொய்க்கவும் இல்லை.

பைத்தான் மொழியின் கதை வேறு வகையில் வருந்தத்தக்கது. அம்மொழியுடன் வரும் டார் அவிழ்க்கும் பகுதியில் இதே குறை இருப்பது 2007இலேயே சுட்டிக்காட்டப்பட்டு, அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளின் பட்டியலில் சி.வி.இ. 2007-4559 என்ற எண்ணுடன் பதிவாயிற்று. பழைய டார் வடிவத்தின் விதிகளுக்கு ஏற்பவே நிரல் நடக்கிறது என்று கருதப்பட்டதால் நடத்தை மாற்றப்படவில்லை; நம்பத்தகாத இடத்திலிருந்து வந்த பொதிகளை முன்னாய்வின்றி அவிழ்க்க வேண்டாம் என்னும் எச்சரிக்கை மட்டும் கையேட்டில் சேர்ந்தது. பதினைந்தாண்டுகள் கழித்து 2022இல் டிரெல்லிக்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேறொன்றைத் தேடும்போது இக்குறையை மறுபடி கண்டு, ஏறத்தாழ 3,50,000 திறந்தமூலத் திட்டங்கள் இதற்கு ஆளாகியிருக்கலாம் என்று மதிப்பிட்டனர். 2023இல் வெளியான 3.12 பதிப்பில் வடிகட்டிகள் சேர்க்கப்பட்டன; எதுவும் கேட்காமலே காப்பான வடிகட்டி செயல்படும் நிலை 2025இல் வந்த 3.14 பதிப்பில்தான் எய்தப்பட்டது. எச்சரித்தாயிற்று என்பதால் கடமை முடிந்ததா என்னும் அறவினா இங்கே எழுகிறது. எச்சரிக்கை என்பது படித்தவரின் அறிவை மட்டுமே மாற்றுகிறது; அதிகாரமோ படித்தவருக்கும் படியாதவருக்கும் ஒரே அளவில் திறந்து கிடக்கிறது. அறியாமல் செய்தவரைப் பொறுப்பாளியாக்கிவிட்டு, அறிந்தும் மாற்றாமல் இருந்தவர் விலகிக்கொள்ள இடம் தரும் ஏற்பாட்டை அறம் என்று ஒப்புவது கடினம்.

சொல்லின் மெய்ம்மை எவ்வாறு நிலைபெறுகிறது என்பதில் மீமாம்சகருக்கும் நியாயவாதிகளுக்கும் நெடுங்காலப் பிணக்கு உண்டு. தோன்றிய அறிவு, அதை மறுக்கும் வேறோர் அறிவு எழாதவரை, தானே மெய்யாக நிற்கும் என்றார் குமாரிலபட்டர். இது சுவதப்பிராமாணியம், அதாவது மெய்ம்மை தன்னாலே அமைதல். அறிவின் மெய்ம்மை அதற்குப் புறம்பான காரணங்களாலும் விளையும் பயனாலுமே தெளியப்படும் என்றனர் நியாயவாதிகள்; இது பரதப்பிராமாணியம். ஐரோப்பிய மெய்யியலிலும் இதை நினைவூட்டும் ஒரு பிளவு உண்டு. மனிதர் இயல்பாகவே உண்மை பேசும் போக்கும் பிறர் பேச்சை நம்பும் போக்கும் உடையவர் என்று 1764இல் தாமஸ் ரீட் எழுதினார். சாட்சியின் வலிமை அனுபவத்தால் அளக்கப்பட வேண்டும் என்பது அவருக்குச் சற்று முன் எழுதிய டேவிட் ஹியூமின் நிலை. அறிவைப் பற்றிய அளவில் குமாரிலரும் ரீட்டும் கூறுவதில் உறுதி உண்டு. வரும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி விசாரிக்கும் சமூகம் எதையும் கற்காது. ஆயிரம் நூலகங்களைச் சார்ந்து நிற்கும் இன்றைய மென்பொருளும் ஒவ்வொரு வரியையும் சோதித்துத் தொடங்க வேண்டுமானால் ஒருநாளும் கட்டி முடிக்கப்படாது.

ஆனால் நியாய மரபு இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைச் செய்துவைத்திருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த ஜயந்தபட்டர் நியாயமஞ்சரியில் விவாதிக்கும் ஒரு சிக்கல் இது: அறிவு மெய்யென்று பயனைக் கண்ட பின்னரே தெரியுமானால், பயனை அடைவதற்கான செயலை எந்த உறுதியில் தொடங்குவது? நீர் இருப்பதாகத் தோன்றிய இடத்துக்கு நடந்துபோய்ப் பார்ப்பது போன்ற கண்கூடான செயல்களில் முன்னுறுதி வேண்டுவதில்லை. ஐயத்தோடும் போகலாம், குடித்ததும் தெளியலாம், இல்லையேல் சிறு இழப்போடு திரும்பலாம். பெரும் பொருளும் உழைப்பும் செலவாகும், பயன் கண்ணுக்குத் தெரியாத வேள்வி போன்றவற்றில் அவ்வாறு இறங்க முடியாது. சொல்லின் மெய்ம்மை அங்கே முன்னரே நிலைநாட்டப்பட்டாக வேண்டும். இப்பகுப்பு வேதத்தின் அதிகாரத்தை நிறுவும் நோக்கில் செய்யப்பட்டது என்றாலும், அதன் உள்ளே இருக்கும் அளவுகோல் சமயத்தைக் கடந்தது. செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பது, செய்ததை மீட்கக்கூடிய இடத்தில் மட்டுமே நேர்மையான முறையாகும். பொதியை அவிழ்ப்பது நீர்நிலைக்கு நடப்பதைப் போன்றதாக நிரலாளருக்குத் தோன்றுகிறது: அவிழ்த்துப் பார்க்கலாம், வேண்டாதது என்றால் அழித்துவிடலாம். காப்பற்ற அவிழ்ப்பில் அழிக்க வேண்டியது எங்கே எழுதப்பட்டது என்பதே தெரியாது. எனவே அது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சோதனை முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

முன்சோதனை எளிதன்று என்பதற்குக் குறியிணைப்பு சான்றாகும். குறியிணைப்பு என்பது உள்ளடக்கம் இல்லாமல் வேறோர் இடத்தின் முகவரியை மட்டும் தாங்கும் கோப்பு. அதைத் திறக்க முயல்வோர் தாமறியாமலே அவ்வேறிடத்துக்குச் சென்றுவிடுவர். பொதியின் முதல் உறுப்பு வெளியிடம் ஒன்றைச் சுட்டும் குறியிணைப்பாகவும், இரண்டாம் உறுப்பு அதன் பெயரையே கோப்புறைப் பெயராகக் கொண்டதாகவும் இருந்தால், இரண்டு பெயர்களிலும் மேலேறும் புள்ளிகள் இல்லாததால் எழுத்தைப் பார்க்கும் சோதனையில் இரண்டுமே தேறும். ஆனால் முதலாவது எழுதப்பட்டதும் இரண்டாவதன் பொருள் மாறிவிடும். பெயர் மாறாதிருக்கப் பெயர் சுட்டும் பொருள் இடையில் மாறுகிறது. குனூ டார் நிரல் இதை எதிர்கொள்ள, ஐயத்துக்கு இடமான குறியிணைப்புகளின் இடத்தில் தற்காலிகக் கோப்புகளை வைத்து, எல்லா உறுப்புகளும் அவிழ்ந்த பின்னரே உண்மையான இணைப்புகளை உருவாக்குகிறது. இதைவிடச் சிறிய பிழையும் உண்டு. இறுதிப் பாதை அனுமதித்த கோப்புறையின் பெயரில் தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்தால், பணி என்னும் கோப்புறைக்கு அனுமதி பெற்றவர் பணிமனை என்னும் கோப்புறையிலும் எழுதிவிடலாம். பெயர்களின் எழுத்தை ஒப்பிடுவதும் இடங்களை ஒப்பிடுவதும் வேறு வேறு என்பதை மறந்த சோதனை இது.

ஐயப்படுவதைக் கூட்டிக்கொண்டே போவது இச்சிக்கலுக்குத் தீர்வாகாது என்பதை இவை உணர்த்துகின்றன. அனுப்பியவர் நல்லவர் என்று உறுதி பெறுவதும் போதாது. மின்கையொப்பம் பொதியை யார் அனுப்பினார் என்பதைச் சொல்லும். அப்பொதி அவிழும்போது எதைத் தொடும் என்பதைச் சொல்லாது. 2020 டிசம்பரில் வெளிப்பட்ட, சோலார்விண்ட்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனத்தின் மீதான ஊடுருவல், பொதி அவிழ்ப்பால் நேர்ந்தது அன்று எனினும், இவ்வரம்பை நன்கு காட்டியது: கட்டும் பொறிக்குள் அமர்ந்த தீநிரல், மொழிபெயர்ப்பு நடக்கும் கணத்தில் மூலக்கோப்பை மாற்றி வைத்தது, விளைந்த மென்பொருள் நிறுவனத்தின் முறையான கையொப்பத்துடனேயே வெளியேறி, ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களைச் சென்றடைந்தது. கையொப்பம் மெய், கையொப்பமிட்டவர் ஆப்தர், கையொப்பமிடப்பட்ட பொருள் அவர் அறிந்ததன்று. வாத்ஸ்யாயனர் இலக்கணத்தின் முதற்பகுதியாகிய நேரறிவு அங்கே இல்லை.

பெயரைத் துருவித் துருவி விசாரிப்பதைவிட, பெயர் பொருள்படும் உலகையே சுருக்கிவிடுவது மேலான வழி. ஒரு கோப்புறையை மட்டும் கையில் கொடுத்து, அதற்கு வெளியே எதையும் சுட்டும் ஆற்றலே பெயருக்கு இல்லாதபடி செய்துவிட்டால், பொதியைக் கட்டியவர் என்ன எழுதியிருந்தாலும் அது அவ்வெல்லைக்குள்தான் பொருள் தரும். 1960களில் டென்னிஸ், வான் ஹார்ன் ஆகியோர் முன்வைத்த உரிமைச்சீட்டுக் கோட்பாட்டின் உள்ளக்கருத்து இது. சுட்டுதலும் அதற்கான உரிமையும் பிரியாமல் ஒன்றாகவே கைமாற வேண்டும் என்பது அதன் சாரம். 2020இல் லினக்ஸ் கருநிரலின் 5.6 பதிப்பில் சேர்ந்த, குறித்த கோப்புறைக்குக் கீழே மட்டும் பாதையைத் தேடும் வசதியும், 2025இல் கோ மொழியின் 1.24 பதிப்பில் வந்த வேர்க்கோப்புறை வசதியும் அக்கருத்தை அன்றாட நிரலாளரின் கைக்குக் கொண்டுவந்துள்ளன. அறத்தின் நோக்கில் இது அன்னியரை இழிவாக எண்ணும் ஏற்பாடு அன்று. அவரிடம் நல்லவரா தீயவரா என்று கேட்காமலே அவருடைய பொருளை ஏற்றுக்கொள்ள இது வழி செய்கிறது. விருந்தோம்பலுக்கும் காவலுக்கும் இடையே நிலவுவதாகக் கருதப்படும் பகை, அதிகாரத்தின் அளவு முன்னரே வரையறுக்கப்பட்ட இடத்தில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

கட்டும் பொறியையே நம்பாமல் சோதிக்க மற்றொரு முயற்சியும் நடைபெறுகிறது. மொழிபெயர்ப்பு நிரலுக்குள் மறைந்திருக்கும் தீமை மூலநிரலில் தடயமின்றித் தன்னைத் தொடரச் செய்துகொள்ள முடியும் என்று கென் தாம்சன் 1984இல் வெளியான தம் டூரிங் விருதுரையில் காட்டினார். அதன்பின், ஒரே மூலநிரலை வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு பொறிகளில் கட்டி, விளைவுகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக உள்ளனவா என்று ஒப்பிடும் முறை வளர்ந்தது. டெபியன் இயங்குதளத் திட்டம் 2013 முதல் இதில் ஈடுபட்டுள்ளது. ஒருவரையொருவர் அறியாத சாட்சிகள் ஒன்றுபடுவதால் கிடைக்கும் உறுதி இது. உரை அளவைக்குள் கருதல் வந்து துணைநிற்கும் இடமும் இதுவே. ஆயினும் அது சாட்சி சொல்வது விளைந்த பொருளைப் பற்றி மட்டுமே. இரண்டு சர்வர்கள் ஒரே பொதியைக் காப்பின்றி அவிழ்த்து, இரண்டும் தத்தம் கோப்புறைக்கு வெளியே ஒரே தீய கோப்பை எழுதிவிட்டு, பிறகு ஒன்றுபோன்ற குற்றமற்ற மென்பொருளைக் கட்டித் தருமானால், ஒப்பீடு முழு உடன்பாட்டையே காட்டும். எழுதப்பட்ட கோப்போ இரண்டு பொறிகளிலும் அடுத்த கட்டுமானத்துக்காகக் காத்திருக்கும்.